ஜப்பானில் பத்து இலட்சத்துக்குத் தோட்டத்தோடு வீடு: காசைக் கட்ட முதல் இதையும் வாசியுங்கள்

ஊர்ச் சொந்தங்களுக்கு,

கொஞ்ச நாளாக எங்கள் வாட்ஸ்அப் குழுமங்களில் ஒரு வீடியோ சுற்றிக்கொண்டிருக்கிறது. ஜப்பானில் ஒரு மலைக் கிராமம். மரத்தால் கட்டிய பழைய வீடு. வீட்டுக்குப் பின்னால் அரை ஏக்கர் தோட்டம். விலை 5 இலட்சம் யென். எங்கள் காசில் ஏறக்குறைய 10 இலட்சம் ரூபாய். கீழே ஒருவர், "எங்கட ஊரில நல்ல இடத்தில இந்தக் காசுக்கு ரெண்டு பேர்ச் வாங்க ஏலாது" என்று எழுதியிருந்தார். அது உண்மைதான். அதனால்தான் இந்த வீடியோ இவ்வளவு வேகமாகப் பரவுகிறது.

என்னிடம் படித்த தம்பிமார் நாலைந்து பேர் அதை எனக்கு அனுப்பி, "சேர், இது மெய்தானா? நாங்களும் வாங்கலாமா?" என்று கேட்டார்கள். ஒருவர் தன் உம்மாவின் பெயரில் இருக்கும் காணியை விற்கும் யோசனையில் இருக்கிறார். புவியியல் படிப்பிக்கிறவன் என்பதால் கேட்கிறார்கள் போல. தனித்தனியாகப் பதில் எழுதுவதை விட எல்லோரும் வாசிக்க இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம். பொறுமையாக வாசியுங்கள்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீடியோ பொய் இல்லை. ஜப்பானில் வெளிநாட்டவர் காணி வாங்கலாம். ஆனால் இங்கே இருந்துகொண்டு, அங்கே மரக்கறி செய்யலாம் என்ற நம்பிக்கையில், கையில் இருக்கிற காணியை விற்று வாங்குவது சரியான காரியம் இல்லை. அதை விட ஆபத்தானது, சட்டம் இடம் தராத நாட்டில் இன்னொருவருடைய பெயரில் வாங்குவது.

ஏன் இவ்வளவு மலிவு?

ஜப்பானில் 2023இல் எடுத்த வீட்டுக் கணக்கெடுப்பின்படி வெறுமையாகக் கிடக்கும் வீடுகள் ஏறத்தாழ 90 இலட்சம். மொத்த வீடுகளில் 13.8 வீதம். இப்படிப்பட்ட வீட்டை அங்கே "அகியா" என்கிறார்கள். பிள்ளைகள் டோக்கியோவுக்கும் ஒசாகாவுக்கும் போய்விட்டார்கள். கிராமத்தில் வயதானவர்கள் மட்டும் மிஞ்சினார்கள். அவர்களும் போன பிறகு வீடு பூட்டிக் கிடக்கிறது. 2020 விவசாயக் கணக்கெடுப்பில் விவசாயத்தையே முக்கிய தொழிலாகச் செய்கிறவர்களின் சராசரி வயது 67.8. அதாவது எங்கள் பாடசாலையில் ஓய்வுபெற்று ஏழெட்டு வருடமான ஒரு சேரின் வயது. அங்கே வயலில் நிற்கிறவர் அவர்தான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். பெற்றோர் விட்டுப்போன காணி வேண்டாம் என்கிற பிள்ளைகள் அதை அரசிடம் ஒப்படைப்பதற்கு 2023 ஏப்ரலில் ஒரு திட்டம் தொடங்கினார்கள். அரசு அதைச் சும்மா எடுப்பதில்லை. காணியில் கட்டடம் இருக்கக் கூடாது. ஒப்படைக்கிறவர்தான் அரசுக்குக் காசு கட்ட வேண்டும். சாதாரணமாக அது 2 இலட்சம் யென்னில் தொடங்குகிறது. சொந்த நாட்டுக்காரரே காசு கொடுத்துக் கைகழுவுகிற காணியை எங்களுக்கு "மலிவு" என்று காட்டுகிறார்கள். அதோடு அந்த வசதி வாரிசாகக் காணி கிடைத்தவருக்கு மட்டும்தான். காசு கொடுத்து வாங்கியவர் பிறகு வேண்டாம் என்றால் அரசு எடுக்காது. வேறு ஆள் வாங்கும் வரை வருடா வருடம் சொத்து வரி கட்ட வேண்டியதுதான்.

வீட்டு விடயம் வேறு. 1981 ஜூனில் அங்கே பூமியதிர்ச்சிக்குரிய கட்டட விதிகள் கடுமையாக்கப்பட்டன. மலிவு விலையில் வரும் வீடுகளில் பல அதற்கு முந்தியவை. திருத்த முடியாமல் உடைப்பதென்றால் ஒரு மர வீட்டை உடைத்து அகற்றும் செலவு மட்டும் 10 இலட்சம் யென்னைத் தாண்டுவது சாதாரணம். வீட்டின் விலை 5 இலட்சம். உடைக்க 10 இலட்சம். கணக்கு உங்களுக்கே விளங்கும்.

வீடு உங்கள் பெயருக்கு வரும், தோட்டம் வராது

வீடியோவில் யாரும் சொல்லாத முக்கியமான சங்கதி இதுதான். ஜப்பானில் வீட்டுக்காணி வேறு, விவசாயக் காணி வேறு. பதிவேட்டில் "வயல்" அல்லது "தோட்டம்" என்று பதிந்திருந்தால் 1952இல் வந்த விவசாயக் காணிச் சட்டத்துக்கு அது உட்பட்டது. அந்தப் பகுதியின் விவசாயக் குழு அனுமதி தராமல் கைமாற்றினால் அந்தக் கைமாற்றம் சட்டப்படி செல்லாது. காசைக் கொடுத்திருந்தாலும், விற்றவர் கையொப்பம் போட்டிருந்தாலும் செல்லாது.

அந்தக் குழு என்ன கேட்கும்? இந்தக் காணி முழுவதையும் நீங்கள் உண்மையில் பயிர் செய்வீர்களா? வருடத்தில் எத்தனை நாள் நீங்கள் தோட்டத்தில் வேலை செய்வீர்கள்? 150 நாள் என்பது பொதுவாக வைத்திருக்கும் அளவு. பக்கத்துக் காணிக்காரருக்கும் தண்ணீர்ப் பங்கீட்டுக்கும் உங்களால் இடைஞ்சல் வருமா? முன்பு குறைந்தது 50 ஆர், அதாவது ஒன்றேகால் ஏக்கர் அளவாவது பயிர் செய்ய வேண்டும் என்ற நிபந்தனையும் பெரும்பாலான இடங்களில் இருந்தது. ஆள் இல்லாமல் காணிகள் தரிசாகப் போனதால் 2023 ஏப்ரலில் அதை எடுத்துவிட்டார்கள். வீடியோக்காரர்கள் "சட்டம் தளர்ந்துவிட்டது" என்று சொல்வது இதைத்தான். தளர்ந்தது அளவு மட்டும். பயிர் செய்ய ஆள் அங்கே நிற்க வேண்டும் என்ற நிபந்தனை அப்படியே இருக்கிறது.

எங்கள் கமநல சேவை நிலையத்தை நினைத்துப் பாருங்கள். வயலை மண் போட்டு நிரப்புவதற்கு கமநல அபிவிருத்தி ஆணையாளர் நாயகத்தின் அனுமதி வேண்டும். அது உங்கள் வாப்பாவின் வயலாக இருந்தாலும் அப்படித்தான். சோறு போடும் மண்ணைக் காணிச் சொந்தக்காரரின் விருப்பத்துக்கு மட்டும் விட்டுவிடக் கூடாது என்ற அதே எண்ணம்தான் அங்கேயும்.

வீட்டுக்காணி என்று பதிந்த நிலத்தில் கத்தரி, வெண்டி, மிளகாய் வைக்க எந்த அனுமதியும் தேவையில்லை. ஆகவே சமையலுக்கு மட்டும் மரக்கறி போதும் என்றால் வீட்டு முற்றமே போதுமானது. அரை ஏக்கரைக் காட்டி ஆசை மூட்டுகிறவரிடம், "இதில் எத்தனை பேர்ச் வீட்டுக்காணி, எத்தனை பேர்ச் விவசாயக் காணி?" என்று ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்.

வீடியோவில் பேசுகிறவரின் பாஸ்போர்ட் வேறு

இந்த வீடியோக்களைப் போடுகிறவர்களில் அநேகர் அமெரிக்கர், அவுஸ்திரேலியர், ஐரோப்பியர். அவர்கள் விசா இல்லாமலே ஜப்பானில் இறங்கி 90 நாள் வரை நிற்கலாம். வந்து களை பிடுங்கிவிட்டுப் போகலாம். இலங்கைப் பாஸ்போர்ட்டுக்கு அந்த வசதி இல்லை. ஒவ்வொரு முறையும் விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். கிடைக்காமலும் போகலாம்.

காணி வாங்கினால் விசா கிடைக்கும் என்று ஒருவர் எழுதியிருந்தார். கிடைக்காது. ஜப்பானில் சொத்து வாங்கியவருக்கு வதிவிட உரிமை தருகிற எந்த ஏற்பாடும் இல்லை. கம்பெனி தொடங்கி வணிக முகாமைத்துவ விசா எடுக்கலாம் என்று சில முகவர்கள் சொல்வார்கள். அதற்கான முதலீடு முன்பு 50 இலட்சம் யென். 2025 ஒக்டோபரில் அதை 3 கோடி யென்னாக உயர்த்திவிட்டார்கள். எங்கள் காசில் ஏறத்தாழ 6 கோடி ரூபாய். 6 கோடி இருக்கிறவர் கத்தரிக்காய் செய்ய ஜப்பானுக்குப் போக மாட்டார்.

இங்கிருந்து காசு அனுப்புவதையும் யோசியுங்கள். வெளிநாட்டில் சொத்து வாங்கப் பணம் அனுப்புவது 2017இன் அந்நியச் செலாவணிச் சட்டத்துக்கும் மத்திய வங்கியின் விதிகளுக்கும் உட்பட்டது. முதலில் வங்கியில் போய்க் கேளுங்கள். "உண்டியலில் போட்டு அனுப்பலாம்" என்கிறவரின் பேச்சைக் கேட்காதீர்கள். அப்படிப் போன காசு தொலைந்தால் பொலிஸில் முறையிடவும் வாய் இருக்காது.

காணி உங்களுடையது, தண்ணீர் ஊருடையது

விவசாயம் செய்கிற குடும்பங்களுக்கு இதை நான் சொல்லத் தேவையில்லை. பெரும்போகம் தொடங்க முதல் கூட்டம் வைத்து, எந்தத் திகதியில் தண்ணீர் திறப்பது, எந்தத் திகதிக்குள் விதைப்பது என்று முடிவெடுத்து, வாய்க்கால் துப்புரவு செய்து, வட்டவிதானையின் சொல்லுக்குக் கட்டுப்பட்டுத்தான் வயல் செய்கிறோம். ஜப்பானியக் கிராமமும் அப்படித்தான். அங்கே காணிச் சொந்தக்காரர்களின் சங்கம் தண்ணீரை நிர்வகிக்கிறது. வருடத்தில் சில நாள் எல்லோரும் மண்வெட்டியோடு வாய்க்காலில் இறங்க வேண்டும். வரம்பில் புல் வெட்ட வேண்டும். வெட்டாமல் விட்டால் புல்லில் மூட்டுப்பூச்சி பெருகி அடுத்தவரின் நெல்லைக் கெடுக்கும். சொந்தக்காரர் ஏழாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தால் அந்த ஊரார் அவரைப் பற்றி என்ன நினைப்பார்கள்? எங்கள் கண்டத்தில் கொழும்புக்காரர் ஒருவர் வயலை வாங்கித் தரிசாக விட்டால் நாங்கள் என்ன நினைப்போமோ அதைத்தான்.

காட்டுப்பன்றி, மான், குரங்கு எல்லாம் அங்கேயும் உண்டு. ஆள் குறையக் குறைய அவை ஊருக்குள் வருகின்றன. பல இடங்களில் மின்வேலி போடாமல் ஒரு கிழங்கும் மிஞ்சாது. வட பகுதிகளில் குளிர்காலத்தில் பனி ஆள் உயரத்துக்குக் கொட்டும். கூரையில் விழும் பனியை அள்ளாவிட்டால் பழைய வீடு தாங்காது. எங்கள் முருங்கையும் கறிவேப்பிலையும் உறைபனியில் பட்டுப்போகும். கோடையில் கத்தரி, வெண்டி, மிளகாய் நன்றாக வரும். பாகற்காய் ஒகினாவாவில் பெயர்போன மரக்கறி. ஆனால் விதையையும் கன்றையும் பையில் போட்டுக்கொண்டு போக முடியாது. தாவரச் சுகாதாரச் சான்றிதழ் இல்லாமல் விமான நிலையத்திலேயே எடுத்துவிடுவார்கள்.

அவர்களுடைய சட்டத்தைக் குறை சொல்லாதீர்கள்

"காசு கொடுத்தாலும் காணி தர மாட்டார்களாமே" என்று சிலர் கோபப்படுகிறார்கள். எங்கள் நாட்டைப் பாருங்கள். 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கக் காணி உரிமைமாற்றக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி வெளிநாட்டவர் இங்கே காணியை அறுதியாக வாங்க முடியாது. 99 வருடம் வரை குத்தகைக்கு எடுக்கலாம். பாதிப் பங்கோ அதற்கு மேலோ வெளிநாட்டவரிடம் உள்ள கம்பெனிக்கும் அதே தடை. பிரித்தானிய, அவுஸ்திரேலியப் பிரஜாவுரிமை எடுத்து இலங்கைப் பிரஜாவுரிமையை இழந்த எங்கள் ஊர்ப் பிள்ளைகளும் இந்தச் சட்டத்தின் முன் வெளிநாட்டவர்தான். வாரிசு வழியில் வரும் காணிக்கு விலக்கு உண்டு. இரட்டைப் பிரஜாவுரிமை எடுத்தவருக்குத் தடை இல்லை. லண்டனில் இருக்கும் மச்சானுக்கு இதைச் சொல்லி வையுங்கள். பலருக்குத் தெரியாது.

மற்ற நாடுகளும் இப்படித்தான். இந்தியாவில் இலங்கைப் பிரஜை ஒருவர் ரிசேர்வ் வங்கியின் முன் அனுமதி இல்லாமல் காணி, வீடு வாங்க முடியாது. விவசாயக் காணி என்றால் வெளிநாட்டில் வாழும் இந்தியருக்கே வாங்க அனுமதி இல்லை. தாய்லாந்தில் பொதுவாக வெளிநாட்டவர் காணிக்குச் சொந்தக்காரராக முடியாது. இந்தோனேசியாவில் முழுச் சொந்தம் குடிமக்களுக்கு மட்டும். மலேசியாவில் மாநில அரசின் அனுமதி வேண்டும்.

காணி இல்லாமல் இருப்பதன் வலி எங்களுக்குத் தெரியும். 1990இல் வடக்கில் இருந்து வெளியேற்றப்பட்டவர்களின் பிள்ளைகள் எங்கள் மத்தியில் இருக்கிறார்கள். வெளியில் இருந்து காசோடு வருகிறவர் விலையை ஏற்றிவிட்டால் ஊர்க்காரரின் பிள்ளை காணி இல்லாமல் நிற்கும் என்ற பயம் எங்களுக்கு இருக்கிறது. அதே பயம் ஜப்பானிய விவசாயிக்கும் தாய்லாந்து விவசாயிக்கும் இருக்கும்தானே.

இன்னொருவர் பெயரில் வேண்டவே வேண்டாம்

சட்டம் தடுக்கிறது என்று தெரிந்ததும் அடுத்து வருகிற யோசனை இதுதான்: "அங்கே இருக்கிற கூட்டாளியின் பெயரில் எழுதுவோம்", "தமிழ்நாட்டில் சொந்தக்காரர் இருக்கிறார், அவர் பெயரில் போடுவோம்". தாய்லாந்தில் வெளிநாட்டவருக்காகப் பெயர் கொடுப்பது குற்றம். இந்தியாவில் 1988இல் வந்து 2016இல் கடுமையாக்கப்பட்ட பினாமிச் சட்டத்தின் கீழ் அந்தச் சொத்தை அரசு பறிமுதல் செய்யலாம்.

சட்டம் பிடிக்காமல் விட்டாலும் மனிதர் மாறுவார். அவர் நல்லவராகவே இருக்கட்டும். அவர் மௌத்தானால் அவருடைய பிள்ளைகளுக்கு உங்களைத் தெரியாது. உறுதியில் அவர் பெயர். உங்களிடம் இருப்பது வாட்ஸ்அப் செய்தியும் வங்கிச் சீட்டும்தான். ஊருக்குள்ளேயே நானா, தம்பிக்கு இடையில் வாய்ப்பேச்சில் விட்ட காணி எத்தனை குடும்பங்களைப் பிரித்திருக்கிறது என்று நான் சொல்லத் தேவையில்லை. குர்ஆனின் ஆக நீளமான வசனம் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதைப் பற்றியது என்பது எங்கள் பிள்ளைகளுக்கும் தெரியும். எழுதவே முடியாத ஒப்பந்தத்தில் ஏன் இறங்குகிறோம்?

சொந்தப் பெயரில் வாங்கினாலும் வாரிசுகளை நினைத்துக்கொள்ளுங்கள். 2024 ஏப்ரலில் இருந்து ஜப்பானில் காணிச் சொந்தக்காரர் இறந்தால், அது தெரிந்து 3 வருடத்துக்குள் வாரிசுகள் பெயர் மாற்றிப் பதிய வேண்டும். காரணமில்லாமல் தவறினால் 1 இலட்சம் யென் வரை தண்டம். உங்கள் மனைவியும் பிள்ளைகளும் இங்கிருந்து ஜப்பானிய மொழியில் பத்திரம் தயாரித்து அதைச் செய்வார்களா?

அப்படியானால் என்ன செய்யலாம்?

ஆசையை நான் குறை சொல்லவில்லை. 2021இல் இரசாயனப் பசளையைத் திடீரென்று நிறுத்தியதும், 2022இல் பச்சை மிளகாய்க்கும் கரட்டுக்கும் கொடுத்த விலையும் யாருக்கும் மறக்காது. அந்த ஜூனில் வீட்டுத்தோட்டம் செய்யச் சொல்லி அரச ஊழியருக்கு வெள்ளிக்கிழமை லீவு கொடுக்கிற அளவுக்கு நிலைமை போனது. சொந்த மண்ணில் சொந்தச் சாப்பாடு என்ற நினைப்பு அந்தப் பயத்தில் இருந்து வந்தது. நல்ல நினைப்புத்தான். இடத்தைத்தான் சரியாகப் பார்க்க வேண்டும்.

ஜப்பானில் சட்டப்படி வேலை செய்து நீண்ட காலம் தங்கப் போகிற தம்பிமாருக்கு: முதலில் வாங்காதீர்கள், குத்தகைக்கு எடுங்கள். நகரசபைகளும் விவசாயிகளும் சிறு சிறு துண்டுகளாக வாடகைக்குக் கொடுக்கும் "ஷிமின் நோஎன்" என்ற மக்கள் தோட்டங்கள் பல ஊர்களில் உண்டு. அதில் ஒரு வருடம் நாலு பருவத்தையும் பாருங்கள். மொழியைப் படியுங்கள். வயதான விவசாயி ஒருவருக்கு லீவு நாளில் உதவி செய்யுங்கள். அந்த ஊர் உங்களைத் தெரிந்துகொண்ட பிறகு விவசாயக் குழுவிடம் போனால் அவர்கள் பார்ப்பதே வேறு மாதிரி இருக்கும். நிரந்தர வதிவிடம் கிடைத்த பிறகு வாங்குவதைப் பற்றி யோசிக்கலாம்.

விவசாயமே தொழிலாகச் செய்ய விருப்பமான இளைஞர்களுக்கு: 2019இல் ஜப்பான் தொடங்கிய குறித்த திறன் தொழிலாளர் விசாவில் விவசாயமும் ஒரு துறை. இலங்கையும் அதே வருடம் அதற்கு உடன்பட்டது. மொழிப் பரீட்சையும் திறன் பரீட்சையும் சித்தியடைந்தால் சம்பளத்தோடு அந்த மண்ணைப் படிக்கலாம். காணி விற்ற காசு தேவையில்லை.

ஊரில் இருக்கிறவர்களுக்கு: பத்து இலட்சம் கையில் இருந்தால் இங்கேயே குத்தகைக்கு ஒரு காணி எடுங்கள். கிணறு, வேலி, சொட்டு நீர்க் குழாய் என்று அந்தக் காசு மண்ணுக்குள் போகட்டும். தனியே ஏலாது என்றால் நாலு குடும்பம் சேருங்கள், எழுத்தில் போட்டுக்கொள்ளுங்கள். எங்கள் மண் மணல்தான், மயிலும் குரங்கும் வரும்தான். ஆனால் சுபஹுக்குப் பிறகு நடந்து போய்ப் பார்க்கிற தூரத்தில் இருக்கிற காணி அது. நட்டமானாலும் மண் எங்கே போகிறது என்று உங்களுக்குத் தெரியும்.

முடிவெடுக்க முதல் வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து ஒரு கேள்விக்குப் பதில் எழுதுங்கள்: வாங்கப் போகிற காணியில் வருடத்தில் 150 நாள் யார் நிற்கப் போகிறார்? அந்த இடத்தில் எழுத வீட்டில் ஒருவருடைய பெயர் இல்லை என்றால், உம்மாவின் உறுதியை அலுமாரியிலேயே வையுங்கள்.

ஜப்பானில் இருக்கிற எங்கள் ஊர்ப் பிள்ளைகள் இதை வாசித்தால் உங்கள் அனுபவத்தைக் கீழே எழுதுங்கள். நான் எழுதியதில் பிழை இருந்தால் திருத்துங்கள். அந்த வீடியோவை அனுப்பியவர்களுக்கு இதையும் அனுப்பிவிடுங்கள்.

வஸ்ஸலாம்.